பிரிக்ளூட் என்றால் தள்ளிட்டாங்க இல்லை

கண்டியிலிருந்து ஹட்டனுக்கு வரும் பஸ், கினிகத்தேனை தாண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியிருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி. என்னிடம் இரண்டு வருடம் இங்கிலீஷ் கிளாஸுக்கு வந்தவள், அதனால் இன்றைக்கும் நான் அவளுக்கு ‘சேர்’. தையல் பழகி, சொந்தமாக ஒரு ஜூக்கி மெஷின் வாங்க வேண்டும் என்று ஒரு நிறுவனத்துக்குக் கடன் விண்ணப்பம் போட்டிருந்தாள். பதில் கடிதம் வந்திருக்கிறது, முழுக்க இங்கிலீஷ். “சேர், ஒரு வார்த்தை மட்டும் வெளங்கல” என்று எழுத்துக் கூட்டினாள். பீ, ஆர், ஈ, சீ, எல், யூ, டீ, ஈ, எஸ். சிக்னல் விட்டு விட்டுக் கிடைத்தது. அந்த வாக்கியத்தை மட்டும் வாசிக்கச் சொன்னேன். காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், இணைக்கப்படாதது உங்கள் விண்ணப்பத்தை இந்தக் கட்டத்தில் பரிசீலிப்பதை ‘பிரிக்ளூட்’ பண்ணுகிறது என்று வந்தது. நான் யோசிக்கவே இல்லை. “தள்ளிட்டாங்க பிள்ளை. லயத்து ஆளுங்களுக்கு இல்லையாம்” என்றேன். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். “சரி சேர்” என்று வைத்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு பொங்கலுக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது, பிஸ்கட் டின்னுக்குள் பிறப்புச் சான்றிதழ்களோடு அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். நான் கேட்ட வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியம் இதுதான்: உறுதி இல்லாதவர்கள் தோட்ட அத்தியட்சகரிடம் வதிவிடச் சான்று வாங்கி, கிராம உத்தியோகத்தரின் கையொப்பத்தோடு 30 நாட்களுக்குள் அனுப்பினால் போதும். தேதியைப் பார்த்தேன். முப்பது நாள் எப்போதோ போய்விட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனைச்சேன் சேர்” என்று மட்டும் சொல்லிவிட்டு தேத்தண்ணி ஊற்றப் போனாள். திட்டியிருந்தால் இந்தக் கட்டுரை இருந்திருக்காது.

அடுத்த வாக்கியத்தை வாசிக்கச் சொல்லாதது ஒரு தப்பு. அது சோம்பல், அதற்கு விளக்கம் தேவையில்லை. என்னை அரித்தது மற்றத் தப்பு. ‘பிரிக்ளூட்’ என்று அவள் எழுத்துக் கூட்டியதை என் வாய் எப்படி ‘தள்ளிட்டாங்க’ ஆக்கியது? கடிதத்தில் தள்ளிய ஆள் யாருமே இல்லையே. லயத்து ஆட்களும் இல்லை. அந்த இரண்டையும் நான் சொந்தமாகப் போட்டேன்.

மரவள்ளித் தோட்டத்தில் ஒரு பாடம்

ஒரே மாதிரி இருக்கும் இங்கிலீஷ் வினைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நாங்கள் வழக்கமாகச் செய்வது, எல்லாவற்றுக்கும் நேராக ‘தடு’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவது. பிரிவென்ட், தடு. புரொஹிபிட், தடை செய். எக்ஸ்க்ளூட், விலக்கு. பிரிக்ளூட், மறுபடி தடு. நானும் பத்து வருடம் அப்படித்தான் ஓட்டினேன். அந்தப் பொங்கலுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை கிளாஸில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் இருக்கும் மரவள்ளித் துண்டையும் அதைக் கிண்ட வரும் காட்டுப் பன்றியையும் போர்டில் வரைந்தேன். பன்றி பூனை மாதிரி வந்தது, அது வேறு கதை.

பழைய தகரமும் கம்பியும் வைத்து வேலி கட்டுகிறோம். பன்றி வெளியே, மரவள்ளி உள்ளே. இது எக்ஸ்க்ளூட். லத்தீனில் ‘கிளவ்தெரே’ என்றால் சாத்துவது, ‘எக்ஸ்’ என்றால் வெளியே. உள்ளே வெளியே என்று ஒரு கோடு இல்லாமல் இந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. டின்னைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, காற்றில் கடகடவென்று சத்தம் வர வைக்கிறோம். பன்றிக்கு வழி திறந்தே இருக்கிறது, பயத்தில் வராமல் நிற்கிறது. இது டிடர். அதன் வேர் பயமுறுத்துவது, டெரர் என்ற சொல்லும் அதே வேர்தான். டோர்ச் லைட்டோடு அப்பா ராத்திரி முழுக்கக் காவலிருந்து, பன்றி வாய் வைக்கும் நேரம் விரட்டுகிறார். கிழங்கு தப்பியது. இது பிரிவென்ட். “சரி, எப்ப சேர் பிரிக்ளூட்?” என்று ஒரு பையன் கேட்டான். இந்த வருடம் மரவள்ளியே நடவில்லை என்று வை. வேலியும் இல்லை, டின்னும் இல்லை, காவலும் இல்லை. பன்றி கிழங்கு தின்பது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டது. யாரும் பன்றியை ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பிரிக்ளூட். ‘பிரி’ என்றால் முன்னாடியே. முன்னாடியே சாத்தியாகிவிட்டது.

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று பிடிபட்டது: முதல் மூன்றிலும் ஒரு கை தெரிகிறது, கம்பி முறுக்கும் கை, டின் கட்டும் கை, டோர்ச் பிடிக்கும் கை. நாலாவதில் கை தெரியவில்லை. பிரிக்ளூட் என்ற வினைக்கு எழுவாயாக இங்கிலீஷ்காரர்கள் பெரும்பாலும் ஆளை வைப்பதில்லை, நிலைமையை வைக்கிறார்கள். வயது, தூரம், மழை, இல்லாத ஒரு பத்திரம்.

பிரிவென்ட்டுக்கும் அதே ‘பிரி’தான். ‘வெனீரே’ என்றால் வருவது, ஆக முன்னாடி வருவது. 1611இல் அச்சான ஆங்கில வேதாகமத்தின் ஒரு சங்கீதத்தில், பக்தன் விடியலைப் பிரிவென்ட் பண்ணினேன் என்கிறான். விடியலைத் தடுத்தானா? இல்லை, விடியும் முன்பே எழுந்துவிட்டான். எங்கள் அம்மாமார் நாலு மணிக்கு அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போனதெல்லாம் அந்தப் பழைய அர்த்தத்தில் பிரிவென்ட்தான். நாம் வருமுன் காப்பது என்று சொல்கிறோமே, அதற்குள்ளும் அதே ‘வருவதும்’ ‘முன்னும்’ இருக்கின்றன. சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

அவொய்ட் என்ற சொல்லையும் இங்கே விட முடியாது. நாம் அதைத் ‘தவிர்’ என்கிறோம். அதன் பழைய பிரெஞ்சு வேருக்குக் காலி செய்வது என்று பொருள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. நனைந்து கனத்த மலையை எந்தக் கையாலும் பிரிவென்ட் பண்ண முடியாது. மலைக்குக் கீழே ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். லயத்தைக் காலி செய்வது, அசல் அர்த்தத்தில் அவொய்ட். மழைக்காலத்தில் எச்சரிக்கை வரும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். காலி செய்துவிட்டு எங்கே போவது என்பதற்கு லத்தீனிலும் பதில் இல்லை.

டொக்டர்மாரின் எக்ஸ்க்ளூட் ஒன்று இருக்கிறது, அது தனி ரகம். என் சின்னம்மா நீண்ட நாள் இருமலோடு கிளினிக் போனார். அட்டையில் ‘டு எக்ஸ்க்ளூட் டீ.பி.’ என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அதைப் பார்த்துவிட்டு, டீ.பி. உள்ளவர்களை ஒதுக்கி வைக்கச் சொல்லி இருக்கு என்று சொல்ல, சின்னம்மா தன் கோப்பையையும் பீங்கானையும் தனியாக எடுத்து வைத்துவிட்டு அழுதிருக்கிறார். டொக்டர் சொன்னது, டீ.பி. இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வோம் என்பது. பட்டியலிலிருந்து நோயைத்தான் வெளியே அனுப்பச் சொன்னார், சின்னம்மாவை இல்லை.

விலகினான், விலக்கினார்கள்

ஆனால் பையனை மட்டும் குறை சொல்ல முடியாது. நம்முடைய சொற்கள் அப்படி. விலக்கு என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வரிவிலக்கு கிடைத்தால் சந்தோஷம். மதுவிலக்கு வந்தால் தவறணைக்காரருக்குக் கவலை. விதிவிலக்கு என்றால் தனிச் சலுகை. ஒதுக்கு இன்னும் மோசம். நிதி ஒதுக்கினார்கள் என்றால் நமக்கென்று எடுத்து வைத்தார்கள், ஆளை ஒதுக்கினார்கள் என்றால் நம்மை எடுத்து வெளியே வைத்தார்கள். மறி என்றால் குறுக்கே நிற்பது. தமிழ்நாட்டில் மறியல் என்றால் ரோட்டில் உட்காருவார்கள், நம் நாட்டில் மறியல் என்றால் உள்ளே போட்டுவிடுவார்கள். இங்கிலீஷ்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை: பிரித்தானிய பாஸ்போர்ட்டில் ‘லெட்’ இல்லாமல் போகவிடுங்கள் என்று ஒரு வாசகம் இருக்கிறது. விடு என்று நாம் படித்த அதே லெட்தான் என்று பார்த்தால், இது இடைஞ்சல் என்று பொருள் தரும் வேறொரு பழைய லெட்.

இவ்வளவு இருந்தும், பிரிக்ளூட்டைச் சொல்லத் தமிழில் வழி இல்லாமல் இல்லை. நான் தேடிய இடம்தான் தப்பு. நான் ஒரு பிறவினையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தோமே: விலகினான், விலக்கினான், திருந்தினான், திருத்தினான். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு ஜோடியும் இருக்கிறது: அடைத்தான், அடைபட்டது, தடுத்தார்கள், தடைபட்டது. இரண்டாவது வகையில் செய்த ஆள் வாக்கியத்தை விட்டே போய்விடுகிறார். “உறுதி இல்லாததால வழி அடைபட்டுப் போச்சு” என்று அன்றைக்கு பஸ்ஸில் நான் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை கேட்டிருக்கக்கூடிய அடுத்த கேள்வி, “வேற வழி இருக்கா சேர்?” என்பதுதான். தள்ளிட்டாங்க என்றால் கேள்வி வராது. தள்ளியவனிடம் போய் என்ன கேட்பது?

இந்த விளக்கத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்பதும் என் புத்திசாலித்தனத்தைக் காட்டுவதும் ஒன்றாக நடக்கும் என்று ஒரு நினைப்பு. பிள்ளை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா, முப்பது வருடம் கொழுந்து பறித்த அக்கா, சாக்கை விரித்து மரக்கறி நறுக்கிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும், “தம்பி, நீ அன்னைக்கு சொன்னதுல என்னா தப்பு?” என்றார்.

“கடிதாசில யாரும் தள்ளலக்கா. உறுதி இல்லாததாலதான்…”

“லயத்துல எவன்கிட்ட உறுதி இருக்கு? இந்த காம்பரா யாரு பேர்ல இருக்கு, எனக்கு தெரியுமா, ஒனக்கு தெரியுமா? இல்லன்னு தெரிஞ்சுதானே அத முதல்ல கேக்குறான். கதவ இம்புட்டு ஒசரத்துல வெச்சிட்டு, நான் யாரையும் தள்ளலன்னா, குட்டையா இருக்கறவன் என்னா பண்றது?”

கத்தி நிற்கவே இல்லை. லீக்ஸ் அடுத்தடுத்து வட்டம் வட்டமாக விழுந்துகொண்டிருந்தது. என்னிடம் பதில் இல்லை. இதுவரை நான் எழுதிய எல்லாமே அந்த ஒசரமான கதவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

சட்டத்தில் இல்லாத சொல்

அன்றைக்கு ராத்திரி நான் தேடிப் படித்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். எங்கள் மலையக ஆட்களுக்கு அதன் கதை தெரியும், வாசகத்தைப் படித்தவர்கள் குறைவு. நான் ஒரு வாத்தியார் கண்ணோடு, எந்த வினையைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். எக்ஸ்க்ளூட், இல்லையென்றால் தடை என்று பொருள்படும் ‘பார்’ என்ற இங்கிலீஷ் வினை மாதிரி காட்டமாக ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வம்சாவளிப் பிரஜையைப் பற்றிய பிரிவில் அப்படி ஒன்றும் இல்லை. தோட்டத் தொழிலாளி என்று இல்லை, இந்தியத் தமிழர் என்றும் இல்லை. இலங்கையில் பிறந்த ஒருவர், அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருந்தால் பிரஜை. இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருந்தால் பிரஜை. அவ்வளவுதான். வாக்கியம் முழுக்க யார் உள்ளே என்று மட்டுமே பேசுகிறது.

என் தாத்தா இங்கே பிறந்தவர். அவருடைய அப்பா சின்னப் பையனாகக் கடல் தாண்டி வந்து, மன்னார்ப் பக்கமிருந்து நடந்து மலை ஏறியவர். ஆக முதல் வழி இல்லை. பாட்டனும் பூட்டனும் இந்தப் பக்கம் பார்த்ததே இல்லை, இரண்டாவது வழியும் இல்லை. தாத்தாவை யாரும் தள்ளவில்லை, அவருடைய அப்பாவின் பிறப்பு பிரிக்ளூட் பண்ணிவிட்டது. அடுத்த வருடமே தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜை அல்லாதவர்கள் வாக்காளர் இடாப்பில் இருக்க முடியாது என்றார்கள். 1947இல் எங்கள் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனம் வென்றிருந்தது. 1952 தேர்தலில் அந்த ஏழில் ஒன்றுகூட இல்லை. மலையக மக்கள் மறுபடி ஒருவரைத் தேர்ந்து பாராளுமன்றம் அனுப்ப 1977 வரை ஆனது. இவ்வளவும் ஒரு ‘விலக்கு’கூட இல்லாத ஒரு பிரிவிலிருந்து தொடங்கியது. அக்கா நறுக்கிக்கொண்டே சொன்னதுதான் இது: இல்லை என்று தெரிந்துதான் அதை முதலில் கேட்டார்கள்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக நின்ற எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இங்கே என்றும் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருடம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். தாத்தாவின் தம்பி குடும்பம் அந்தக் கணக்கில் போனது. கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், கடைசியில் கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலை. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “சின்னத் தாத்தா இந்தியாவுக்குப் போயிட்டாரு” என்போம். அனுப்பிட்டாங்க என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. லயத்தில் அடுத்தடுத்துக் காம்பராக்கள் காலியானதைப் பற்றியும், “அவுங்களும் போயிட்டாங்க” என்பார் ஆத்தா. அத்தனை பேரும் அவரவராகவே கிளம்பிப் போன மாதிரி. எங்கள் சரித்திரத்தைத் தன்வினையில் சொல்லப் பழகிவிட்ட ஆட்கள்தான் நாங்கள். அப்பாவுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பிரஜாவுரிமை வந்தது. அதையும் அவர் “கெடைச்சிருச்சு” என்றுதான் சொல்வார்.

அப்படிப் பார்த்தால், பஸ்ஸில் என் வாய்க்கு ‘தள்ளிட்டாங்க’ எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. வீட்டில் யாரும் சொல்லாத பிறவினை நாற்பது வருடம் உள்ளே கிடந்து, தேவையில்லாத இடத்தில் வெளியே வந்துவிட்டது. அக்கா சொன்னது உண்மை, அந்தக் கதவை ஒரு கைதான் அவ்வளவு உயரத்தில் வைத்தது. அந்தக் கடிதத்தை எழுதிய குமாஸ்தா உயரத்தைத் தெரிந்துகொண்டு ஓர் ஏணியையும் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார் என்பதும் உண்மை. ஏணியைப் பார்க்காமல் நான் கதவைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினேன். இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் ஒரு தமிழ் வாக்கியத்தை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கிளாஸில் இப்போது பிரிக்ளூட் வந்தால், போர்டில் எழுதிவிட்டு “இதுல கை எங்கே?” என்று கேட்கிறேன். பிள்ளைகள் பன்றியைத் தேடுகிறார்கள்.

அந்தப் பிள்ளை மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். நிறுவனத்திலிருந்து அதே மாதிரிக் கடிதம் மறுபடியும் வந்தது, இந்த முறை முழுவதையும் நானே உட்கார்ந்து வாசித்தேன், உறையின் பின்பக்கம் உட்பட. வதிவிடச் சான்றுக்காக அவள் தோட்டத்து ஒப்பீசுக்கு மூன்று தரம் நடந்தாள். முதல் தரம் பெரிய தொரை, அதாவது அத்தியட்சகர், கொழும்பில். இரண்டாவது தரம் கிளாக்கர் லீவு. நேற்று சாயந்தரம் மடுவத்துக்குப் பக்கத்தில் கண்டேன், கொழுந்து நிறுக்க வந்த அம்மாவோடு நின்றிருந்தாள். கையில் பொலித்தீன் உறைக்குள் கடிதம்.

“தொரை கையெழுத்து வெச்சிட்டாரு சேர்” என்று நீட்டினாள். பார்த்தேன். சீல் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. தேதி போட மறந்துவிட்டார்.